அக்கா நேரம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். நான் நலம், என் இடது செருப்புதான் முதல் நாளே வாயைப் பிளந்துவிட்டது. உன் கால் எப்படி இருக்கிறது? எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் நடக்க வரும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. நான் கிளம்பியதும் தினமும் படி இறங்குகிறேன் என்று நீ சத்தியம் செய்ததால்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன். மறந்துவிடாதே.

இந்தப் பள்ளத்தாக்கில் அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. எதிர்க்கரையில் ஒருவர் தும்மினால் இந்தக் கரையில் கேட்கிறது. பஸ் வரும் சாலை பாலத்தோடு முடிந்துவிடும். பாலத்தருகே ஓர் ஊர். அதற்கப்பால் நான்கு ஊர்கள், எல்லாவற்றுக்கும் நடந்துதான் போக வேண்டும். எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டி, "இதோ, கூப்பிடு தூரம்தான்" என்கிறார்கள். நேற்று அந்தக் கூப்பிடு தூரம் எனக்கு முக்கால் மணி நேரம்.

அதனால்தான் ஐந்து ஊர்ச் சங்கத்தார் என்னை வரவழைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஒற்றையடிப் பாதையையும் நடந்து, மணி பார்த்து, வரைபடம் போட வேண்டும். ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால் மைல் கணக்கு இங்கே உதவாது. எங்கிருந்து எங்கே எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. வாரம் ஒருமுறை ஐந்து ஊருக்கும் நடந்து வரும் நர்ஸம்மா எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று பலகையில் எழுதிப் போடப் போகிறார்கள். இப்போது அவர் வந்தால் வந்ததுதான். சனங்கள் பாதி நாள் காத்துக் கிடக்கிறார்கள், இல்லையென்றால் தவறவிட்டுவிடுகிறார்கள்.

தபால் அலுவலக மாடியில் அறை. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒருபக்கமாகத்தான் திரும்ப முடியும். கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் கொடுத்தனுப்பிய ஸ்டாப்வாட்ச் நன்றாக ஓடுகிறது என்று அவரிடம் சொல். எத்தனை படி இறங்கினாய் என்று எழுது.

உன் தங்கை

*

மார்ச் 16

அவசரக்குடுக்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நலம் என்றும் செருப்பு நலமில்லை என்றும் அறிந்தேன். எனக்கு ஆச்சரியமில்லை. உன் காலில் மாட்டிய எந்தச் செருப்பு ஆறு மாதம் உயிரோடு இருந்திருக்கிறது?

என் கால் தேவலை. தெருமுனை நூல் கடை வரை இரண்டு தடவை போய்வந்தேன். கடைக்காரர், "அடடே, வாங்க வாங்க, எத்தனை நாளாச்சு!" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைப் பார்.

தையல் நிறைய வந்திருக்கிறது. ஒருவர் எட்டுக் கால்சட்டைகளைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் இடுப்பில் இரண்டு விரல் அகலம் பிரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். மெலிந்துவிடுவேன் என்று நம்பி வாங்கியதாம்.

இதைச் சொல். அந்தப் பாதைகளில் மூச்சு வாங்கினால் எங்கே உட்காருவார்கள்?

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நூல் கடை வரை போனாயா! படித்துவிட்டுக் கட்டிலில் ஏறி ஒரு குதி குதித்தேன். கீழே தபால்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். இனி கடிதம் படித்தால் தரையில் நின்று படிக்க வேண்டும் என்று உத்தரவு. மற்றபடி நான் சௌக்கியம், செருப்பும் புதிது.

நான்கு ஊரையும் பார்த்துவிட்டேன். முதலில் மர அறுவை ஊர். அங்கே எல்லார் தலையிலும் மரத்தூள் இருக்கும், பேசும்போது உதிரும். அடுத்தது பள்ளிக்கூட ஊர். பிறகு ஓடை வளைவில் ஓர் ஊர். அங்கே வீட்டுக்கு வீடு வாத்து. ஒரு வாத்து என்னை அரை மைல் துரத்தியது, அந்த அரை மைலை மட்டும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் உச்சி ஊர், மொத்தம் பதினான்கு வீடு. அங்கே நின்று பார்த்தால் ஐந்து ஊர்க் கூரையும், நடுவில் வளைந்து வளைந்து போகும் ஓடையும் தெரியும். பார்த்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

ஓடை வளைவிலிருந்து உச்சிக்கு நாற்பதே நிமிடம்! பாலத்திலிருந்து உச்சி வரை மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். சங்கத்தலைவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று வாயைப் பிளந்தார்.

எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாய். தெரியாது. நான் உட்காரவில்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 22

அவசரக்குடுக்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் நலம்தான்.

போன வாரம் பூங்காவுக்குப் போய் அந்தப் பெரிய மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இலைகளின் நடுவே விழுந்து மடியெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது. ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். நீ கூட இருந்திருந்தால் ஐந்தாவது நிமிடம் "போலாமா?" என்று கேட்டிருப்பாய்.

வாத்துக்குப் பயந்து ஓடியதைக் கடிகாரக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 3

தங்கச்சி அவர்களுக்கு, கீழ்வீட்டுக் கடிகாரக்காரன் எழுதுவது.

நலமா? என் கைக்குக் கடிகாரத்தின் உள்பக்கம்தான் பழக்கம், கடிதம் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் அக்கா ஒரு படிகூட இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து கயிறு கட்டி ஒரு கூடை விட்டிருக்கிறார். துணி கூடையில் ஏறுகிறது, தைத்துக் கூடையில் இறங்குகிறது. நூல், காய்கறி, உங்களுக்கு எழுதும் கடிதம் எல்லாம் அதில்தான். தபால்பெட்டியில் போடுவது நான். அன்றைக்கு உங்கள் கடிதத்தை அவர் ஜன்னலில் நின்று படித்தார், நான் தெருவில் நின்று கேட்டேன்.

பூங்காவுக்குப் போனேன் என்று உங்களுக்கு எழுதியிருப்பதாக அவரே சொன்னார். நீங்கள் கிளம்பிய மறு வாரமே பூங்காவைப் பழுது பார்க்கத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது, எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "அவ தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா. எனக்காக அவ நின்ன ரெண்டு வருஷம் போதும்" என்றார். நீங்கள் ஓடி வரவும் வேண்டாம், நான் எழுதியதாகச் சொல்லவும் வேண்டாம். ஆனால் யாராவது ஏதாவது செய்தால் நல்லது. எனக்கு என்ன என்று தெரியவில்லை.

கடிகாரக்காரன்

*

மே 21

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உடம்பால் நலம். மற்றபடி இங்கே என் மானம் கப்பலேறிவிட்டது.

இந்த மாதம் முதல் திங்கட்கிழமை என் கணக்கை வைத்துப் பலகை எழுதினார்கள். நர்ஸம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கனத்த உடம்பு, தோளில் பை, கையில் ஐஸ் வைத்த ஊசிமருந்துப் பெட்டி. மரம் அறுக்கும் ஊருக்கே அரை மணி தாமதம். பள்ளிக்கூட ஊரில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். உச்சி ஊருக்குப் போனபோது ஒருவரும் இல்லை. ஐஸ் உருகி மருந்து கெட்டுப்போய்க் கொட்டிவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் உச்சி ஊருக்கும் மேலே இருக்கும் மேட்டு வீட்டிலிருந்து இறங்கி வந்து மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

மறுநாள் நர்ஸம்மா என் அறைக்கு வந்து வரைபடத்தை மேசைமேல் போட்டார். "இது யாரோட நிமிஷம்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "நீ ஓடுற ஓட்டத்தை எழுதி வச்சுட்ட. என் முட்டியக் கேட்டியா? பெட்டியக் கேட்டியா?" என்றார். ஸ்டாப்வாட்ச்மேல் பழி போட முடியாது. அது சரியாகத்தான் ஓடியது, என்னோடு சேர்ந்து.

அக்கா, நாம் பேசாத ஒன்றை எழுதுகிறேன். அன்றைக்கும் நான் கீழே நின்றுகொண்டு, "சீக்கிரம் வா, பஸ் போயிடும்" என்று கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவைதான் நீ விழுந்தாய். இந்த இரண்டு வருடத்தில் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நர்ஸம்மா திட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் படிதான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு.

இப்போது ஓர் உதவி வேண்டும். எல்லாப் பாதையையும் மறுபடி அளக்க வேண்டும். நர்ஸம்மாவுக்குச் சுற்றுப் போகவே நாள் போதவில்லை. ஊர்க்காரர்கள் ஆடு மாதிரி தாவிப் போகிறார்கள். எனக்கு நிதானமாக நடக்கிற ஓர் ஆள் வேண்டும். மூச்சு வாங்கினால் கூச்சப்படாமல் உட்காருகிற ஆள் வேண்டும். நீ வருவாயா?

உன் தங்கை

*

மே 30

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வர முடியாது. வேறு யாரையாவது பார்.

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும். நான் சுகம், நீயும் சுகமாக இரு.

மெதுவாக நடந்து பார்த்தேன். முதல் வளைவு வரை முடிந்தது. அப்புறம் கால் தானாக முன்னால் போய்விட்டது. பையில் மரத்தூள் மூட்டை கட்டித் தோளில் போட்டும் பார்த்தேன். அதையும் சுமந்துகொண்டு ஓடினேன். எதிரே வந்தவர்கள் எங்கே தீப்பிடித்துவிட்டது என்று கேட்டார்கள்.

சங்கத்தார் ஆகஸ்ட் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கணக்கு சரியாகாவிட்டால் பலகையை அழித்துவிட்டுப் பழையபடி நர்ஸம்மா வந்தபோது வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த மேட்டு வீட்டுப் பெண் பாலம் வரை இறங்கி வந்து என்னைத் தேடிப் பிடித்தாள். திட்டவில்லை. "அடுத்த தடவை சரியா எழுதுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

மர அறுவைக்காரரிடம் கைத்தடி ஒன்று செய்யச் சொன்னேன். யாருக்கு என்றார். என் அக்காவுக்கு என்றேன். உயரம் கேட்டார். உன் தையல் மெஷின் மேசைக்கு ஒரு சாண் மேலே என்று கையால் காட்டினேன். "மெஷின் எவ்ளோ உயரம்?" என்றார். என் இடுப்பில் தொட்டுக் காட்டினேன். சரியாகத்தான் இருக்கும். கைப்பிடியை உள்ளங்கை உறுத்தாமல் இழைத்திருக்கிறார். என் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். அவசரமில்லை. அதுபாட்டுக்கு நிற்கட்டும்.

உன் தங்கை

*

ஜூலை 12

என் அவசரக்குடுக்கைக்கு,

நலம் என்று இதுவரை எழுதியதெல்லாம் பாதி பொய். இன்றைக்கு எழுதுவது நிஜம்.

நான் நூல் கடைக்குப் போகவில்லை. பூங்காவுக்கும் போகவில்லை. கடிகாரக்காரர் உனக்கு எழுதிவிட்டார் என்று எனக்குத் தெரியும். கடிகாரத்தில் மணி தெரிகிற மாதிரி அவர் முகத்தில் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டும் நீ என்னைக் குத்திக் காட்டாமல் வரச் சொல்லிக் கேட்டாய் பார், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. எனக்குக் கால் வலி இல்லை. பயம்தான். மேல்படி வரை வந்து, கைப்பிடியைத் தொட்டுவிட்டு, உள்ளே திரும்பிவிடுவேன்.

உன் கைத்தடிக் கடிதம் வந்த மறுநாள் இரண்டு படி இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அழுகை வந்தது. கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் முக்காலியை எடுத்துவந்து நடுத்திருப்பத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். முக்காலி வரைக்கும் போனால் போதும் என்று ஆனதும் பயம் பாதியாகிவிட்டது. ஒரு வாரம் முக்காலி வரை. அங்கே உட்கார்ந்தே இரண்டு சட்டைக்குப் பொத்தான் வைத்தேன். நேற்று இருபத்திரண்டு படியும் இறங்கினேன். பதினான்கு நிமிடம். கடிகாரக்காரர் மணி பார்த்துச் சொன்னார்.

நீ எழுதிய அந்த விஷயம். மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. அன்றைக்கு உன் அவசரம் பாதி, என் செருப்பு பாதி. தேய்ந்த செருப்பு, மாற்றச் சொல்லி நீ பத்துத் தடவை சொல்லியிருந்தாய். நான்தான் கேட்கவில்லை. கணக்கு தீர்ந்தது.

இம்மாதம் கடைசி வாரம் வருகிறேன். பாலத்தில் நில். கத்தாதே.

இந்தக் கடிதத்தைக் கூடையில் போடவில்லை. தபால்பெட்டிக்கு நானே கொண்டுபோகிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

அச்சு வேலைக்காக நான் வீடு திரும்ப, முதல் சுற்றைப் பார்க்க நீ அங்கேயே தங்க, உன் அறையில் உன் மேசையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கில் இருக்கும் உனக்குக் கடிதம் எழுதுவது விசித்திரமாக இருக்கிறது. நான் நலம். தபால் அலுவலக மாடியில் ஒருபக்கமாகத் திரும்பப் பழகிவிட்டாயா? முட்டிக்குத் தைலம் போடு.

வரைபடம் அச்சகத்தில் இருக்கிறது. அச்சுக்காரர் இரண்டு வரிசை நிமிடங்களைப் பார்த்துவிட்டு எது சரி என்றார். இரண்டும் சரி என்றேன். நர்ஸம்மா வைத்த பெயரையே தலைப்பில் போடச் சொல்லிவிட்டேன்: "தங்கச்சி நேரம்", "அக்கா நேரம்". பலகையில் அக்கா நேரம்தான் வரும். அப்புறம் வரைபடத்தில் பாதை நெடுக நீ உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அடையாளமாக முக்காலி வரைந்திருக்கிறோமே, அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பாதையா, நாற்காலிக் கடையா?" என்றார். முப்பத்தொன்று. ஐந்து மாதம் அதே பாதையில் போய்வந்தேன். அந்தத் தட்டைப் பாறையையும், வேர் வளைந்து முதுகுக்குச் சாய்மானம் கொடுக்கும் மரத்தையும் நீ உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன, அக்கா. ஐந்தாவது நிமிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதை நீ கவனித்தாயா?

கூடையைக் கழற்றிக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். நேற்று உன் படியை உன் வேகத்தில் இறங்கிப் பார்த்தேன். நடுத்திருப்பத்தில் முக்காலி இன்னும் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடிகாரக்காரர் கடைச் சுவர் முழுக்கத் தெரிகிறது. ஒரு கடிகாரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் இறங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை புதுப்பலகைப்படி முதல் சுற்று. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே எழுது. உடனே இல்லாவிட்டாலும் எழுது.

உன் தங்கை

*

செப்டம்பர் 17

என் அவசரக்குடுக்கைக்கு,

நான் நலம். இந்தத் தடவை முழுப் பொய்யும் இல்லை, பாதிப் பொய்யும் இல்லை. முட்டி மட்டும் சாயங்காலத்தில் முனகும், தைலம் போட்டால் அடங்கும்.

திங்கட்கிழமை நர்ஸம்மாவோடு நானும் போனேன். பையை அவர் எடுத்துக்கொண்டார், பெட்டியைச் சங்கத்தலைவர் தூக்கிக்கொண்டு வந்தார். கைத்தடி எனக்கு. வழியெல்லாம் இரண்டு பேருமாக முட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். சங்கத்தலைவருக்கு முட்டி வலி இல்லாததால் பேச ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம். மர அறுவை ஊரில் சொன்ன நேரம். பள்ளிக்கூட ஊரில் சொன்ன நேரம். ஓடை வளைவில் உன் வாத்து என்னையும் துரத்தியது. நான் ஓடவில்லை, நின்று திரும்பிப் பார்த்தேன். அது போய்விட்டது.

உச்சி ஏற்றம் உனக்கு நாற்பது நிமிடம். எனக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம், பலகைக் கணக்கிலும் அப்படித்தான். ஆனால் வழியில் பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு முக்காலியைத் தவறவிட்டுவிட்டோம் போலிருக்கிறது. ஊருக்கு முன்னால் கடைசிப் பாறைக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. பலகையில் உச்சி ஊருக்கு எழுதியிருந்தது இரண்டு பத்து. நர்ஸம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முன்னாடியே போய் உன் பேரைக் கெடுக்க வேண்டாம் என்று பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டுப் போனோம்.

பதினேழு பேர் இருந்தார்கள். ஒருவரும் கலையவில்லை. மேட்டு வீட்டுப் பெண்தான் முதல் ஆள், மடியில் குழந்தை. ஐஸ் பெட்டியைத் திறந்தபோது இன்னும் புகை மாதிரி குளிர் எழும்பியது. ஊசி போட்டதும் குழந்தை ஊரே அதிர அழுதது. எதிர்க்கரையில் கேட்டிருக்கும். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அந்த அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அங்கே நின்று ஐந்து ஊரையும் பார்த்தேன். நீ எழுதியது போலத்தான் இருந்தது.

இருபத்தேழாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பஸ் நிலையத்துக்கு வராதே, நானே நடந்து வருகிறேன். வீட்டுக் கதவைத் திறந்து வை. கீழே என் குரல் கேட்டதும் டீ போட்டுவிடாதே, ஆறிப்போகும். முக்காலியில் உட்கார்ந்து கடிகாரங்களைப் பார்த்துவிட்டு ஒரு குரல் கொடுக்கிறேன். அப்போது அடுப்பைப் பற்ற வை.

அக்கா